பூண்டு நாத்தமும் பாதரசப் பிடியும்

"பூண்டு தின்னா உடம்புல சேர்ந்த ஈயம், பாதரசம் எல்லாம் வெளியே போயிடும்"னு சொல்றவங்க நம்ம பக்கம் நிறைய. இது முழுப் பொய்யும் இல்லை, முழு மெய்யும் இல்லை. இதுக்குப் பின்னாடி ஒரு நல்ல கதை இருக்கு, கேளுங்க.

கந்தகத்துக்கும் பாதரசத்துக்கும் உள்ள ஒட்டு நமக்குப் புதுசில்லை. ரெண்டும் சேர்ந்ததுதானே சாதிலிங்கம்! 1830களில் டென்மார்க் வேதியியலாளர் சைஸ், சாராயத்தில் ஆக்சிஜன் இருக்கும் இடத்தில் கந்தகம் உட்கார்ந்த ஒரு திரவத்தைச் செய்தார். நாத்தம் தாங்காது. ஆனா பாதரசத்தைக் கண்டா கப்புனு பிடிச்சுக்கும். அதனால லத்தீன்ல 'பாதரசத்தைப் பிடிப்பது' என்ற அர்த்தத்தில் 'மெர்காப்டன்'னு பேர் வெச்சார்.

பூண்டும் இந்தச் சொந்தபந்தம்தான். பல்லை நசுக்கினதும் உண்டாகுற அல்லிசினை 1944ல் அமெரிக்காவில் கவாலிட்டோவும் பெய்லியும் பிரிச்சு எடுத்தாங்க. அது உடம்புக்குள்ள போய் மாறும்போது அல்லைல் மெர்காப்டன் என்ற பொருளும் வருது.

உண்மையான மருந்து பிறந்தது போர்ல. லூயிசைட் என்பது ஆர்சனிக் கலந்த விஷம். நம்ம உடம்புப் புரதங்களில் பக்கத்து பக்கத்துல இருக்குற ரெண்டு கந்தகங்களை இந்த ஆர்சனிக் பிடிச்சுக்குது, உயிரணுவோட வேலை நின்னுடுது. இரண்டாம் உலகப்போர் சமயம் ஆக்ஸ்போர்டில் பீட்டர்ஸ், ஸ்டாக்கன், தாம்சன் மூணு பேரும் யோசிச்சாங்க: அதே மாதிரி ரெண்டு கந்தகம் உள்ள பொடி மூலக்கூறு ஒண்ணைக் காட்டினா, ஆர்சனிக் புரதத்தை விட்டுட்டு இதுகிட்ட வந்துடாதா? வந்துச்சு! அதுதான் 'பால்' எனப்படும் டைமெர்காப்ரால். ரகசியமா இருந்த விஷயம் 1945ல் வெளியே வந்தது. பிறகு பாதரச விஷத்துக்கும் அதைக் கொடுத்தாங்க. கடலை எண்ணெயில் கரைச்சு தசையில் ஆழமாப் போடுற ஊசி; வலி பின்னி எடுத்துடும். அதே தத்துவத்தில் வந்த டி.எம்.எஸ்.ஏ. மாத்திரையை, ஈய விஷம் ஏறின குழந்தைகளுக்காக 1991ல் அமெரிக்கா அனுமதிச்சது.

அப்போ பூண்டு? ஈரானில் கார் பேட்டரி தொழிலாளர்கள் 117 பேரை வெச்சு நடந்த ஆய்வு 2012ல் வெளியாச்சு. பாதிப்பு கடுமையா இல்லாதவங்க. பாதிப் பேருக்குப் பூண்டு மாத்திரை, மீதிப் பேருக்கு பெனிசில்லமைன், நாலு வாரம். ரெண்டு பக்கமும் ரத்தத்துல ஈயம் குறைஞ்சது. சந்தோஷமான சேதிதான். ஆனா ஒரு சின்ன ஆய்வு மருத்துவம் ஆகிடாது.

பிடிக்கிறது மட்டும் போதாதுங்க. பிடிச்சதை விடாம சிறுநீர் வரைக்கும் கொண்டு போய்ச் சேர்க்கணும். ஒரு கையால பிடிக்கிறதுக்கும் ரெண்டு கையால பிடிக்கிறதுக்கும் உள்ள வித்தியாசம் அது. ஒரு குழந்தைக்கு ஈயம் ஏறியிருக்குன்னு சந்தேகம் வந்தா, முதல்ல ஈயம் எங்கிருந்து வருதுன்னு கண்டுபிடிச்சு அதை நிறுத்துங்க, ரத்தப் பரிசோதனை பண்ணுங்க. பூண்டு உரிச்சுக்கிட்டு நாளைக் கடத்தாதீங்க.

மத்தபடி ரசத்துல நாலு பல்லு தட்டிப் போடுங்க, யாரு வேண்டாம்னா? பாதரசத்துக்கும் 'ரசம்'னு ஒரு பேர் உண்டு. அந்த ரசத்துக்கு வைத்தியம் வேற :-)