சத்திரசிகிச்சைப் பிரிவின் கூட்டு முகாமைத்துவம்

வைத்தியசாலையொன்றின் சத்திரசிகிச்சைப் பிரிவை நடத்தும் பொறுப்பை அதன் நிர்வாகமும் அங்கு சிகிச்சையளிக்கும் நிபுணர்களும் எழுத்துமூல ஒப்பந்தத்தால் பகிர்ந்துகொள்வது கூட்டு முகாமைத்துவம் எனப்படும். ஐக்கிய அமெரிக்காவில் நிபுணர்கள் பலர் வைத்தியசாலையின் சம்பளம் பெறாது தனித்துத் தொழில் செய்வதால், கூடமும் தாதியரும் கருவிகளும் ஒரு தரப்பிடமும் சிகிச்சைத் தீர்மானங்கள் மறுதரப்பிடமும் இருந்து, தாமதத்துக்கும் விரயத்துக்கும் பொறுப்பேற்பார் இல்லாத நிலையே இந்த ஏற்பாட்டுக்கு வழிவகுத்தது.

நிபுணர்களுக்குரிய கொடுப்பனவு இரு பகுதிகளைக் கொண்டது. நேர அட்டவணை வகுத்தல், சிகிச்சை நெறிமுறை எழுதுதல் போன்ற பணிகளுக்கு நிலையான தொகை வழங்கப்படும். நாளின் முதற் சிகிச்சை உரிய நேரத்தில் தொடங்குதல், கீறலுக்கு முந்தைய ஒரு மணித்தியாலத்துள் நுண்ணுயிர்க்கொல்லி மருந்து ஏற்றுதல், காயத்தில் கிருமித்தொற்று குறைதல் முதலிய அளவுகோல்கள் எட்டப்பட்டால் மட்டும் மற்றைய தொகை கிடைக்கும். நோயாளியை அனுப்பிவைப்பதற்கான மறைமுகக் கைக்கூலியாக இது மாறாதிருக்கவே, நோயாளியை அனுப்புவதில் நிதிநலன் தலையிடுவதைத் தடுக்கும் 1972 மற்றும் 1989ஆம் ஆண்டு அமெரிக்கச் சட்டங்களுக்கு அமைய, தொகை சந்தைப் பெறுமதியை மீறாமலும் நோயாளர் எண்ணிக்கையோடு தொடர்புறாமலும் முன்கூட்டியே வரையறுக்கப்படுகிறது. இதய வடிகுழாய்ச் சிகிச்சைக் கூடங்கள் தொடர்பான இத்தகைய ஒப்பந்தமொன்றுக்கு எதிராக நடவடிக்கை எடுப்பதில்லை என அந்நாட்டுச் சுகாதாரத் திணைக்களத்தின் தலைமைப் பரிசோதகர் அலுவலகம் 2012இல் கருத்துரைத்தது. ஆயினும் அந்த ஒப்பந்தத்தின் ஊக்கத்தொகையில் 60 சதவீதம் செலவுக் குறைப்புக்கும் 30 சதவீதம் மட்டுமே சிகிச்சைத் தரத்துக்கும் ஒதுக்கப்பட்டிருந்தமை, இந்த முறையின் நாட்டம் எப்பக்கம் சாயக்கூடும் என்பதைத் தெளிவாகவே காட்டுகிறது.

இலங்கையின் அரச வைத்தியசாலைகளில் சிகிச்சை இலவசமாகவும் நிபுணர் அரச ஊழியராகவும் இருப்பதால் இத்தகைய ஒப்பந்தத்துக்கு இடமில்லை. உதாரணமாக, சம்மாந்துறை ஆதார வைத்தியசாலையிலும், கல்முனையின் அஷ்ரஃப் ஞாபகார்த்த, வடக்கு ஆதார வைத்தியசாலைகளிலும், இடமாற்றத்தால் மயக்கமருந்து நிபுணரின் இடம் வெற்றிடமானால் சத்திரசிகிச்சைப் பட்டியலே தடைப்படும்; அதை எந்த ஊக்கத்தொகையும் ஈடுசெய்யாது. மாறாக, ஊக்கத்தொகை எதுவுமின்றிப் பயன்படுத்தக்கூடிய, உலக சுகாதார நிறுவனம் 2008இல் அறிமுகப்படுத்திய 19 அம்சச் சரிபார்ப்புப் பட்டியல், எட்டு நகரங்களின் வைத்தியசாலைகளில் பரீட்சிக்கப்பட்டபோது இறப்பு 1.5 சதவீதத்திலிருந்து 0.8 சதவீதமாகக் குறைந்ததென 2009இல் வெளியான ஆய்வு தெரிவித்தது. கீறலுக்கு முன் சத்திரசிகிச்சை நிபுணரும் மயக்கமருந்து நிபுணரும் தாதியும் ஒருவரையொருவர் கேட்டு உறுதிப்படுத்துவதே அதன் சாரம். ஆகவே, இலங்கையின் அரச வைத்தியசாலைகள் கூட்டு முகாமைத்துவத்திலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியது கொடுப்பனவு முறையை அல்ல. சத்திரசிகிச்சைக் கூடத்தின் தாமதங்களையும் தொற்றுகளையும் நிபுணரும் பணிப்பாளரும் ஒரே மேசையில் அமர்ந்து மாதந்தோறும் பரிசீலிக்கும் கடப்பாட்டையே.