அமெரிக்காவில் யுத்தகாலப் பெட்ரோல் பங்கீடு

எண்ணெய்க் கிணறுகள் மலிந்த அமெரிக்க ஐக்கிய நாட்டிலேயே, இரண்டாவது உலக மகாயுத்தத்தின்போது, மோட்டார் வண்டி உடையோர்க்குப் பெட்ரோல் அளந்து கொடுக்கப்பட்டதென்றால் நம் சங்க அன்பர்களிற் பலர் வியப்புறுவர். கீழ்க்கடற்கரையில் மட்டும் ஜெர்மானிய நீர்மூழ்கிகள் எண்ணெய்க் கப்பல்களை மூழ்கடித்தமையாற் பெட்ரோலே அரிதாயிற்று. அங்குள்ள 17 மாகாணங்களில் 1942-ஆம் வருஷம் மே 15-ந் தேதி பங்கீடு தொடங்கியது. ஏனைய இடங்களில் அருகியது ரப்பரே. அந்நாடு வாங்கிவந்த ரப்பரில் ஏறக்குறையப் பத்தில் ஒன்பது பங்கு தூரகிழக்கு நாடுகளினின்று வந்தது. நம் தமிழ்மக்கள் பால்மரம் வெட்டிய மலாய்த் தோட்டங்கள் அவ்வருஷத் தொடக்கத்தில் ஜப்பானியர் வசமாயின. பெட்ரோலைக் குறைத்தால் வண்டி ஓட்டம் குறையும், டயர் தேயாது. பரூக் என்பாரைத் தலைவராகக் கொண்ட கமிட்டி இந்த யுக்தியையே சிபார்சு செய்தது. டிசம்பர் 1 முதல் அது நாடெங்கும் அமுலாயிற்று. வீட்டருகே எண்ணெய் ஊறும் டெக்ஸாஸ் வாசிக்கு இதனை விளங்கவைப்பது எளிதா?

வண்டிக் கண்ணாடியில் எழுத்துச்சீட்டு ஒட்டப்பட்டது. சாதாரண வண்டிக்கு ‘ஏ’: வாரத்துக்கு 4 காலன், பின்னர் 3. தொழிலுக்கு வண்டி இன்றியமையாதார்க்கு ‘பி’. வைத்தியர் போன்றார்க்கு ‘சி’. ஐந்துக்கு மேற்பட்ட டயர்களை ஒப்படைத்துவிடல் வேண்டும். வேகம் மணிக்கு 35 மைலுக்கு மேற்படலாகாது.

யாருக்கு எந்த எழுத்து என்பதை அவ்வவ்வூர்ப் பங்கீட்டுச் சபையே முடிவு செய்தது. அதன் அங்கத்தினர் பெரும்பாலும் சம்பளமின்றி உழைத்த உள்ளூர்வாசிகள். தொழிலுக்கு எத்தனை மைல், அயலாரையும் உடன் ஏற்றிச் செல்கிறாயா என்றெல்லாம் நாடோறும் முகம் பார்ப்பவனையே வினவி, வேண்டின் மறுக்கவும் நேர்ந்தது. மிகக் கடினமான ஊழியம் இதுவே என்பது என் கருத்து. அவர்கள் நிலை இவ்வாறிருக்க, சட்டம் செய்யும் காங்கிரஸ் சபையார் பலர் அளவின்றிப் பெட்ரோல் பெறும் ‘எக்ஸ்’ சீட்டை வாங்கிக்கொண்டனர். பத்திரிகைகள் அதனைக் கண்டித்து எழுதின.

கூப்பனைக் கிழித்துக் கொடுத்தாலன்றிப் பெட்ரோல் கிடையாது. கடைக்காரரும் சேர்ந்த கூப்பன்களை ஒப்படைத்தே மறுசரக்குப் பெறவேண்டும். இந்தக் கட்டுப்பாட்டையும் கள்ளக் கூப்பன் அச்சிடுவோர் கடந்தனர். ஆகவே கூப்பன்மேல் வண்டியின் இலக்கத்தை எழுதவேண்டுமென விதித்தனர். கள்ளச்சந்தை குறைந்ததேயன்றி ஒழியவில்லை.

1945 ஆகஸ்டு 15-ந் தேதி, ஜப்பான் பணிந்த செய்தி வந்த மறுநாளே, பெட்ரோல் பங்கீடு நீங்கிற்று. டயர்ப் பங்கீடோ அவ்வருஷ முடிவுவரை நீடித்தது.