ஈரலில் உறங்கிய காய்ச்சல்

இலங்கையின் மலேரியா வரலாற்றை இரண்டு எண்களோடு சொல்லி முடிப்பது வழக்கம். 1934–35 கொள்ளைநோயில் ஏறத்தாழ 80,000 பேர் செத்தார்கள். 2016 செப்டெம்பரில் உலக சுகாதார நிறுவனம் இலங்கையை மலேரியா அற்ற நாடு என்று அறிவித்தது. இரண்டுக்கும் நடுவில பிள்ளைத்தாச்சிப் பெண்கள் எங்க நிற்கிறார்கள் என்பதுதான் எங்கட கேள்வி.

அவர்களை எண்ணிப் பார்த்த ஒருவர் இருந்தார். கொழும்பு டி சொய்சா பிரசவ மருத்துவமனையின் மருத்துவர் விக்கிரமசூரிய, அந்தக் கொள்ளைநோய்க் காலத்துக் கர்ப்பிணிகளைப் பற்றி 1937இல் எழுதினார். அவர் பார்த்த மலேரியாக் கர்ப்பிணிகளில் நூற்றுக்குச் சுமார் 13 பேர் இறந்தார்கள். வயிற்றிலேயே போன பிள்ளைகள் அதைவிட அதிகம்.

ஆனால் அது ஆஸ்பத்திரி வரைக்கும் வந்தவர்களின் கணக்கு. முதல் இரண்டு மாதத்துக்குள் கரு அழிந்தால் அது எந்தப் பதிவிலும் ஏறாது. பல நேரம் அவளுக்கே தெரியாது. 'மாசம் தள்ளிப் போச்சு', 'பிள்ளை தங்கேல்லை' என்பதோடு கதை முடிந்துவிடும். தாய்லாந்து–பர்மா எல்லையில், அகதிகள் உட்படப் பெண்களின் கிளினிக் பதிவுகளை இருபத்தைந்து ஆண்டுகளுக்குப் பார்த்த ஆய்வு 2012இல் வெளிவந்தது. முதல் மூன்று மாதத்தில் ஒருதரம் மலேரியா வந்தாலே, காய்ச்சல் காட்டாவிட்டாலும், கருச்சிதைவுக்கான வாய்ப்பு ஏறத்தாழ மூன்று மடங்காகிறது என்றது அது.

இன்னொரு சிக்கல், கர்ப்பத்துக்கு முன்னமே வந்த தொற்று. இலங்கையில் பெரும்பாலும் இருந்தது வைவாக்ஸ் வகை. காய்ச்சல் விட்ட பிறகும் அதன் கிருமி ஈரலில் மாதக்கணக்காக உறங்கும். பிறகு திரும்பக் கிளம்பும். உறங்குவதைக் கொல்ல பிறிமாகுயின் வேணும். வயிற்றுப் பிள்ளையின் இரத்தக் கலங்களை அது அழிக்கக்கூடும் என்பதால் கர்ப்பிணிக்குக் கொடுப்பதில்லை. குளோரோகுயின் குளுசை காய்ச்சலை அடக்கும், ஈரலில் உள்ளதைத் தொடாது. அதனால் முந்தின வருசம் நுளம்பு கடித்த கடன், அடுத்த வருசம் கர்ப்பத்தில் வந்து நிற்கலாம்.

இது எங்கட ஊர்க் கதையாகிறது 1995இல். உரும்பிராய் செம்மண்ணும் கிணறுமான ஊர். ஆறும் காடும் குளங்களும் உள்ள வன்னியைப் போல மலேரியா இங்க ஊறிப்போனதில்லை. ஒக்ரோபர் 30 இரவு வலிகாமம் முழுக்க எழும்பி நடந்தது. தென்மராட்சிக்குப் போனவர்களில் கனபேர் கிளாலி கடந்து வன்னிக்குப் போனார்கள். மலேரியா பழகாத உடம்பு, மரத்தடியும் தறப்பாளும், மருந்துத் தட்டுப்பாடு. 1999இல் நாடு முழுவதும் பதிவான மலேரியா 2,64,000க்கு மேல். பெரும்பங்கு வடக்கிலும் கிழக்கிலும். அந்த எண்ணுக்குள் புதுசாகக் கலியாணம் கட்டியவர்களும் இருந்தார்கள். திரும்பி வந்தவர்கள் பெட்டி, படுக்கையோடு ஈரலிலும் சிலதைச் சுமந்து வந்திருக்கலாம்.

இடப்பெயர்வின் இழப்புகளை வீடு, காணி, உயிர் என்று எழுதுகிறோம். தங்காமல் போன பிள்ளைகள் அந்தப் பட்டியலில் இல்லை. பிழை தங்கட உடம்பில், ராசியில் என்று கேட்டு வளர்ந்த பெண்களுக்கு, அது ஒரு நுளம்பும் ஒரு யுத்தமும் செய்த வேலையாக இருந்திருக்கக்கூடும் என்று சொல்வதும் வரலாறு எழுதுவதுதான். அப்போது 25 வயதில் இருந்தவர்களுக்கு இப்போது அம்மம்மா வயசு. அவர்கள் கதைக்க விரும்பினால் கேட்டு எழுத நாங்கள் ஆயத்தம், விரும்பாவிட்டால் தோண்டக்கூடாது.

உள்நாட்டில் தொற்றிய மலேரியா 2012 ஒக்ரோபரோடு நின்றது. ஆனால் கிணற்றிலும் தண்ணித் தாங்கியிலும் பெருகும் ஸ்டீபன்சி நுளம்பு 2016 கடைசியில் மன்னாரிலும், பிறகு யாழ்ப்பாணத்திலும் பிடிபட்டது. இந்தியாவுக்கோ ஆபிரிக்காவுக்கோ போய்வந்து காய்ச்சல் கண்டால், முக்கியமாகப் பிள்ளைக்குக் காத்திருக்கும் பெண்கள், பயணத்தைச் சொல்லி இரத்தம் சோதிக்கக் கேளுங்கள். மாதம் தள்ளிப்போயிருந்தால் அதையும் மறைக்காமல் சொல்லுங்கள். எந்தக் குளுசை என்பது அதில்தான் இருக்கிறது.