ஒரு படத்துக்குள் நாலு பாடம்

காகம் ‘ஆ ஆ’ என்று கரைகிறது. ஆடு ‘பே’ என்கிறது. வாத்து, ஓநாய், கரடி, பூனை எல்லாம் தத்தம் குரலில் ஆளுக்கோர் எழுத்தைச் சொல்லித் தருகின்றன. ஒரு பக்கம் சின்னதாய் மரச்செதுக்குப் படம், பக்கத்தில் அந்த உயிரின் குரல், அதையடுத்து எழுத்து. 1658-இல் ஜெர்மனியின் நியூரம்பெர்க் நகரில் அச்சான ‘ஆர்பிஸ் சென்சுவாலியம் பிக்டஸ்’ என்ற நூலில் எழுத்துப் பாடம் இப்படி இருக்கிறது. குழந்தைகளுக்கென்றே அச்சான முதல் படப்புத்தகம் என்று கல்வி வரலாறு எழுதுகிறவர்கள் பலரும் இதைத்தான் காட்டுகிறார்கள். மொழிப் பாடமா, உயிரியல் பாடமா என்று பிரிக்க முடியாத பக்கம் அது. புதுக்கோட்டைப் பக்கம் ஓர் ஈராசிரியர் பள்ளியில் ஒன்று, இரண்டு, மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளை ஒரே கூடத்தில் உட்காரவைத்துப் பாடம் நடத்தியவள் நான். அந்தப் பக்கத்தை முதன்முதலாகப் பார்த்தபோது, நம் வகுப்பறைக்கென்றே யாரோ செய்துவைத்தது போலத்தான் எனக்குப் பட்டது.

அதைச் செய்தவர் கொமேனியஸ். இன்றைய செக் நாட்டில் இருக்கும் மொராவியாவில் 1592-இல் பிறந்தவர். சிறுவயதிலேயே தாய் தகப்பனை இழந்தார். பெரிய படிப்புக்கான பள்ளியில் சேரும்போது வயது பதினாறு ஆகிவிட்டது. கூடப் படித்தவர்களைவிட மூத்தவராய் இருந்து லத்தீன் கற்றதால், பாடம் எங்கே பிள்ளைக்குக் கசக்கிறது என்று பெரியவனின் அறிவோடு கவனிக்க முடிந்தது. பிறகு முப்பதாண்டுப் போர் வந்தது. மனைவியையும் குழந்தைகளையும் கொள்ளைநோயில் பறிகொடுத்தார். மதக் காரணத்தால் நாட்டைவிட்டுப் போனவர் கடைசிவரை திரும்பவில்லை. 1650 முதல் 1654 வரை ஹங்கேரியின் ஷாரோஷ்படாக் ஊரில் பள்ளி நடத்தியபோதுதான் இந்தப் படப்புத்தகத்தை எழுதினார். படம் செதுக்க அங்கே ஆள் கிடைக்காததால் நியூரம்பெர்க்குக்கு அனுப்ப வேண்டியிருந்தது. இடையில், 1656-இல், அவர் அடைக்கலமாக இருந்த போலந்தின் லெஷ்னோ நகரம் தீக்கிரையாகி, ஆண்டுக்கணக்காகச் சேர்த்த கையெழுத்துப் பிரதிகள் அழிந்தன. அதற்கு இரண்டு ஆண்டு கழித்துக் குழந்தைகளின் கைக்கு இந்தப் புத்தகம் வந்தது.

நூற்றைம்பது படப் பாடங்கள். கடவுள், உலகம், வானம், நெருப்பு, காற்று, நீர் என்று தொடங்கி மரம், பறவை, உடலின் உறுப்புகள், உழவு, கொல்லுப்பட்டறை, தச்சு, அச்சுக்கூடம், கடிகாரம், கிரகணம், நியாயசபை, விளையாட்டு வரை போகிறது. ரொட்டி சுடும் படத்தை எடுத்துக்கொள்ளுங்கள். மாவு சலிக்கும் சல்லடை, பிசையும் தொட்டி, உருட்டிய மாவு, அடுப்பின் வாய், வாரி எடுக்கும் தணல் என்று ஒவ்வொன்றின் மேலும் ஓர் எண் இருக்கும். கீழே லத்தீனிலும் ஜெர்மனிலும் எழுதிய வரிகளில் அதே எண்கள். பிள்ளை வரியைப் படித்துப் படத்தில் தேடலாம். படத்தைப் பார்த்து வரிக்கும் வரலாம். சொல் தெரிகிறது, தொழில் தெரிகிறது, எதற்குப் பிறகு எது என்ற வரிசையும் தெரிகிறது. மனிதனின் ஆன்மாவுக்குக்கூட அவர் படம் வைத்தார்: புள்ளி புள்ளியாய் இட்ட ஒரு மனித உருவக் கோடு. வரைய முடியாததையும் பிள்ளையின் கண்முன் கொண்டுவர வேண்டும் என்ற அவருடைய பிடிவாதம் என்னை இன்றும் நெகிழவைக்கிறது. முன்னுரையில் அவர் சொல்கிற யோசனைகள் இன்னும் நல்லவை. பள்ளிக்கு வருமுன்பே புத்தகத்தைப் பிள்ளையிடம் கொடுத்துவிடுங்கள், விருப்பம்போல் பார்க்கட்டும். படங்களைப் பார்த்து வரைய ஆசைப்பட்டால் வரையட்டும். நிறம், சுவை போன்றவற்றுக்குப் படம் போதாது, உண்மைப் பொருளையே காட்டுங்கள் என்கிறார்.

அந்தக் காலத்தில் நம் ஊர்ப் பிள்ளைகள் திண்ணையில் இருந்தார்கள். மணலில் விரலால் எழுதினார்கள், பிறகு ஓலை. அரிச்சுவடி, ஆத்திசூடி, எண்சுவடி. பொன்னிலக்கம், நெல்லிலக்கம் என்று பொன்னின் எடையையும் நெல்லின் அளவையும் வாய்ப்பாடாகவே உருப்போட்டார்கள். கணக்குக்குள் களத்துமேடும் கடைத்தெருவும் இருந்தன. பாடத்தையும் பிழைப்பையும் அவர்களும் பிரிக்கவில்லை. ஆனால் அந்தப் படிப்பு முழுக்கக் காதின் படிப்பு, நாவின் படிப்பு. கண்ணுக்கு எழுத்தைத் தவிர வேறு வேலை இல்லை. சென்னை எழும்பூரில் 1789 முதல் படைவீரர்களின் அநாதைப் பிள்ளைகளுக்கான விடுதிப் பள்ளியை நடத்திய ஆண்ட்ரூ பெல், மணலில் எழுதும் நம் வழக்கத்தைக் கண்டு தன் பள்ளிக்கு எடுத்துக்கொண்டு, பின்பு இங்கிலாந்துக்கும் கொண்டுபோனார். நம்மிடமிருந்து மணல் கடல் தாண்டிப் போயிற்று. கொமேனியஸின் படம் மட்டும் நம் திண்ணைக்கு வரவில்லை.

அச்சு வந்து, பாடநூல் வந்தபோது படமும் வந்தது. வந்த விதத்தில்தான் எனக்கு வருத்தம். அ என்றால் அம்மா அல்லது அணில், ஆ என்றால் ஆடு, இ என்றால் இலை. கட்டத்துக்குள் ஒரே ஓர் உருவம். ஆடு எங்கே நிற்கிறது, எதை மேய்கிறது, யார் ஓட்டிவந்தார்கள், ஒன்றும் கிடையாது. எழுத்தை நினைவூட்டியதோடு அதன் வேலை முடிந்துவிடுகிறது. பிள்ளை அதைப் பார்த்துக் கேட்க ஒரு கேள்வியும் இருக்காது. நான் வேலைக்குச் சேர்ந்த 1988-இலும் அதேதான். தமிழ்ப் புத்தகத்து ஆடு வேறு, சூழ்நிலையியல் புத்தகத்து ஆடு வேறு, கணக்குப் புத்தகத்தில் எண்ணிக் கூட்டும் ஐந்து ஆடுகள் வேறு. மூன்றையும் நடத்துவது ஒரே டீச்சர், கேட்பது அதே பிள்ளைகள்.

படம் தன் முழு உருவத்தோடு தமிழ்ப் பிள்ளைகளிடம் வந்தது பள்ளிக்கு வெளியேதான். 1947-இல் சென்னையில் நாகிரெட்டியும் சக்கரபாணியும் தொடங்கிய ‘அம்புலிமாமா’வில் அரண்மனைத் தூணும் வேதாளம் தொங்கும் முருங்கைமரமும் பக்கம் நிறைய நின்றன. டெல்லியில் கார்ட்டூனிஸ்ட் சங்கர் 1957-இல் குழந்தைகள் புத்தக அறக்கட்டளையைத் தொடங்கினார். நேஷனல் புக் டிரஸ்ட் 1969-இல் நேரு பால புத்தகாலய வரிசையைக் கொண்டுவந்து பல இந்திய மொழிகளில் மலிவு விலைக்கு விற்றது. நியூ செஞ்சுரி புத்தக நிலையத்தின் கண்காட்சிகளில், மாஸ்கோவிலேயே தமிழில் அச்சான சோவியத் புத்தகங்கள் சில ரூபாய்க்குக் கிடைத்தன. பனியும் கரடியும் பிர்ச் மரமும் புதுக்கோட்டை வெயிலில் வந்து உட்கார்ந்தன. சோவியத் ஒன்றியம் 1991-இல் கலைந்ததோடு அந்த வரத்தும் நின்றுபோனது. இதே காலத்தில்தான் எங்கள் மாவட்டத்தில் அறிவொளி எழுத்தறிவு இயக்கம் வந்து, பெண்கள் சைக்கிள் ஓட்டக் கற்றுக்கொண்டு, ராத்திரியில் எழுத்துக் கூட்டிப் படித்தார்கள். அம்மா படிக்கத் தொடங்கிய வீட்டுப் பிள்ளை, புத்தகம் கேட்டு வகுப்புக்கு வந்தது.

பள்ளிகளிலும் புத்தகம் இல்லாமல் இல்லை. 1987-இல் தொடங்கிய கரும்பலகைத் திட்டத்தில் தொடக்கப் பள்ளிகளுக்கு வரைபடம், விளக்கப்படம், விளையாட்டுப் பொருள், கதைப்புத்தகம் எல்லாம் வந்தன. ஆனால் அவை இரும்பு பீரோவுக்குள் போயின. இருப்புப் பதிவேட்டில் ஏறிய பொருள் கிழிந்தால் தலைமையாசிரியர் பதில் சொல்ல வேண்டும் என்ற பயம். நான் பார்த்த பள்ளி ஒன்றில், ஆய்வுக்கு ஆள் வரும் நாளில் புத்தகங்களை மேசையில் அடுக்கி, அவர் போனதும் எண்ணிப் பூட்டிவிடுவார்கள். புத்தகம் புதுக்கருக்கு அழியாமல் இருந்தது. அதைப் பார்க்க வேண்டிய பிள்ளைகள் ஐந்தாம் வகுப்பு முடித்துப் போய்விட்டார்கள்.

எங்கள் பள்ளியின் பீரோவைத் திறந்துவைத்த பிறகு என் வகுப்பில் நடந்ததைச் சொல்கிறேன். ‘மகாகிரி’ என்ற படக்கதை; ஹேமலதா எழுதி, புலக் பிஸ்வாஸ் படம் வரைந்தது; சங்கரின் அறக்கட்டளை வெளியீடு. என்னிடம் இருந்தது ஆங்கிலப் பிரதி. படத்தைக் காட்டிக் கதையைத் தமிழில் சொல்வேன். திருவிழாவுக்குக் கம்பம் நட வேண்டும். குழிக்குள் கம்பத்தை இறக்கச் சொன்னால் மகாகிரி என்ற யானை மறுக்கிறது. பாகன் அங்குசத்தால் குத்தியும் கேட்கவில்லை. கடைசியில் பார்த்தால் குழிக்குள் ஒரு பூனைக்குட்டி. அந்தப் பக்கத்துக்கு முந்தின பக்கத்தில் நிறுத்திவிட்டு, ஏன் மறுக்கிறது என்று கேட்பேன். முதல் வகுப்புப் பிள்ளைகள் யானைக்குக் காய்ச்சல் என்பார்கள்.

“குழி எம்புட்டு ஆழம் டீச்சர்?” என்று ஒருத்தி ஆரம்பித்தாள். படத்தில் ஆள் உயரத்தோடு ஒப்பிட்டுப் பார்க்கச் சொன்னேன். சாணால், முழத்தால் தங்களையே அளந்தார்கள். அப்போது மூன்றாம் வகுப்புப் பையன் ஒருவன், “எங்கப்பா வேலிக்குக் கல்லு ஊண்டுறப்ப மூணுல ஒரு பங்கு மண்ணுக்குள்ள போவும் டீச்சர்” என்றான். ஆறடிக் கல்லுக்கு இரண்டடி குழி. பின்னம் அன்றைக்கு அவன் வாயிலிருந்து வந்தது. புத்தகத்தில் அந்தப் பாடத்துக்கு நாங்கள் இன்னும் வந்திருக்கவில்லை. வளர்ந்த யானை நாளொன்றுக்கு 150 கிலோ வரை தின்னும் என்று சொன்னேன். ரேஷன் கடையில் வீட்டுக்கு மாதம் 20 கிலோ அரிசி. அப்படியானால் ஏழரை வீட்டு அரிசி ஒரே நாளில் என்று கரும்பலகையில் போட்டுப் பார்த்தார்கள். அரை வீட்டை எப்படி எண்ணுவது என்று கொஞ்ச நேரம் சண்டை. சத்துணவுக்கு மணி அடித்தும் எழுந்திருக்கவில்லை. “பெரியவங்க சொன்னா கேக்கணும்ல டீச்சர்?” என்று ஒருவன் கேட்டதற்கு, நான் வாய் திறக்குமுன், “உள்ள உசுரு இருந்தா?” என்று பின்னாலிருந்து ஒரு குரல். அந்த வாதம் அடுத்த நாளும் நடந்தது. தமிழ், கணக்கு, சூழ்நிலையியல், நீதி என்று நாலு பாடவேளைக்குரிய குறிப்பேட்டை நான் பிறகு உட்கார்ந்து பிரித்து எழுத வேண்டியிருந்தது.

2003-இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் தொடங்கிய செயல்வழிக் கற்றல், 2007-08-இல் மாநிலத்தின் அரசுத் தொடக்கப் பள்ளிகள் முழுக்க வந்தது. ஆந்திரத்தின் ரிஷிவேலிப் பள்ளியின் அட்டை முறையிலிருந்து வளர்ந்தது, முன்னின்றவர் ஐ.ஏ.எஸ். அதிகாரி எம்.பி. விஜயகுமார். டீச்சர் தரையில் உட்கார்ந்தார், பிள்ளையின் உயரத்துக்குக் கரும்பலகை இறங்கியது, பிள்ளைகள் கற்றல் ஏணிப்படியில் அவரவர் வேகத்தில் ஏறினார்கள். பயத்தை வகுப்பிலிருந்து விரட்டிய முறை அது, அந்த நன்றி எனக்கு என்றும் உண்டு. ஆனால் படம் மறுபடியும் அட்டை அட்டையாய்த் துண்டானது. தமிழ் அட்டை தனி, கணக்கு அட்டை தனி. ஒரு பிள்ளையின் கையில் இருக்கும் படத்தைப் பற்றிப் பக்கத்துப் பிள்ளை பேச முடியாது, அது வேறு படியில் இருக்கும். அதே ஆண்டுகளில் ‘புத்தகப் பூங்கொத்து’ என்று கதைப்புத்தகங்களைக் கயிற்றில் தொங்கவிட்டதுதான் எனக்கு ஆறுதல். அதில் எட்டி எடுப்பதற்கே போட்டி.

இன்று புத்தகப் பஞ்சம் இல்லை. சென்னையில் 1996-இல் தொடங்கிய தூலிகா, தமிழும் ஆங்கிலமும் ஒரே பக்கத்தில் இருக்கும் படப்புத்தகங்களை வெளியிடுகிறது. பிரதம் புக்ஸ் 2015-இல் திறந்த ஸ்டோரிவீவர் தளத்தில் தமிழ்ப் படக்கதைகளை யாரும் காசில்லாமல் எடுத்து அச்சிட்டுக்கொள்ளலாம். 2022-இல் ஒன்று முதல் மூன்றாம் வகுப்புக்கு ‘எண்ணும் எழுத்தும்’ திட்டம் வந்தது. அடுத்த ஆண்டு ‘வாசிப்பு இயக்கம்’ நுழை, நட, ஓடு, பற என்ற நிலைகளில் சின்னச் சின்னப் புத்தகங்களை அரசுப் பள்ளிகளுக்குத் தந்தது. மெல்லிய தாள், பெரிய எழுத்து, பக்கம் நிறையப் படம். பிள்ளைகள் வீட்டுக்குக் கொண்டுபோகிறார்கள். புத்தகம் ஒன்றை ஆட்டுக்குட்டி தின்றுவிட்டது என்று போன வருஷம் எனக்குத் தெரிந்த இளம் ஆசிரியை ஒருத்தி போனில் சொன்னாள், கவலையாக.

அவளுக்காகவும் அவளைப் போன்றவர்களுக்காகவும் ஒன்று கேட்கிறேன். வகுப்புப் படப்புத்தகங்களை மேசை நாற்காலியோடு சேர்த்து எண்ண வேண்டாம். சுண்ணக்கட்டி போல, செலவாகும் பொருளாக எழுதிக்கொள்ளலாம். ஆண்டுக்கு ஒருமுறை கிழிந்ததற்குப் பதில் புதிது வாங்கவும், அதுவரை ஒட்டிவைத்துக்கொள்ளக் கோந்துக்கும் டேப்புக்கும் பள்ளி மானியத்தில் ஒரு சிறு தொகை ஒதுக்கினால், எந்தத் தலைமையாசிரியரும் பீரோச் சாவியைத் தேடமாட்டார்.