மன்னார்த் தீவுகளைக் காணச் சென்றவர்கள்

பண்பொழிக்கு மேற்கேயுள்ள மலைத்தொடரில் பிறந்து, மேக்கரை வழியாக இறங்கி, நம் வயல்களையும் தோப்புகளையும் வாழ்வித்துச் செல்லும் அனுமன் நதி, சிற்றாற்றில் கலக்கிறது. சிற்றாறு சீவலப்பேரியருகே தாமிரபரணியோடு கூட, தாமிரபரணியோ புன்னைக்காயலில் மன்னார் வளைகுடாவை அடைகிறது. ஆகவே, தூத்துக்குடி தொடங்கிப் பாம்பன் வரையில் கரையை ஒட்டி வரிசையாகக் கிடக்கும் 21 சிறு தீவுகளின் சரித்திரம், மலையடிவாரத்தில் வாழும் நமக்கு அந்நியமானதன்று. சாரல் காலத்தில் அருவியாடக் குற்றாலத்துக்கு வரும் வழக்கம் நம்மவர்க்கு நெடுங்காலமாக உண்டு. ஆனால் ஜீவராசிகளைக் கண்டு களிப்பதையே நோக்கமாகக் கொண்டு ஒரு தீவுக் கூட்டத்துக்குப் பிரயாணம் செய்யும் வழக்கம், இக்கடலில் மிகவும் பிந்தித் தோன்றியது.

இக்கடலுக்கு ஆதியில் வந்தவர்கள் எடுத்துச் செல்ல வந்தவர்களே. தாமிரபரணியின் முகத்தில் பாண்டியர் துறைமுகமாக விளங்கிய கொற்கையின் முத்தைப் பற்றி, ஏறக்குறைய இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன் ஒரு கிரேக்க மாலுமி எழுதிவைத்திருக்கிறான். பதின்மூன்றாம் நூற்றாண்டில் இவ்வழியே சென்ற மார்க்கோ போலோவும், முத்துக்குளிப்போரைச் சுறா தீண்டாதபடி மந்திரத்தால் கட்டிவைப்பவர்களைப் பற்றிக் கூறுகிறார். அவர்களைக் கடற்கரை மக்கள் கடல்கட்டி என்றே அழைத்தனர். பாண்டியருக்குப் பின் போர்த்துக்கீசியர், ஒல்லாந்தர், ஆங்கிலேயர் என முத்துக்குளிப்பின் அதிகாரம் கை மாறிக்கொண்டே போன போதிலும், மூச்சை அடக்கிக் கடலடியில் இறங்கி, பார் எனப்படும் பாறைத்திட்டிலிருந்து சிப்பி அள்ளியவர்களும் சங்கு எடுத்தவர்களும் பெரும்பாலும் இக்கரையில் வாழ்ந்தவர்களே. தூத்துக்குடிப் பார்களில் 1961-ஆம் ஆண்டோடு முத்துக்குளிப்பு நின்றுபோயிற்று.

எடுத்துச் செல்ல வந்தவர்களுக்குப் பின்னர், அறிந்துகொள்ள வந்தவர்கள் தோன்றினார்கள். சென்னை அரசாங்க மியூசியத்தின் தலைவராயிருந்த எட்கார் தர்ஸ்டன், பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் இராமேசுவரத்தைச் சுற்றியுள்ள கடலைப் பரிசோதித்து எழுதினார். மாகாணத்தின் மீன்துறையில் பணியாற்றிய ஜேம்ஸ் ஹார்னெல், 1914-இல் சங்கைப் பற்றியே தனியாக ஒரு நூல் வெளியிட்டார். மியூசியத் தலைமையை இருபதுகளில் ஏற்ற கிரேவ்லியும் அவரது குழுவினரும், பாம்பனுக்கருகிலுள்ள குருசடைத் தீவின் கரையோர ஜீவராசிகளை வகைப்படுத்திய ஆராய்ச்சித் தொகுப்பை 1927-இல் வெளிக்கொணர்ந்தார்கள். அதன்பின் பிராணி சாஸ்திரம் பயிலும் மாணவர்களுக்குக் குருசடை ஒரு யாத்திரை ஸ்தலமாகவே ஆயிற்று.

அங்கே அவர்கள் தேடியது பெரிய விலங்கையன்று. நீர் வற்றும் வேளையில், முழங்கால் ஆழத்துக்கும் குறைந்த மணற்பரப்பில், நூல் சுற்றினாற்போல் சுருண்டு கிடக்கும் சிறு மணற்குவியல்களைக் கண்டு, அதனருகே மெல்லத் தோண்டினால், ஐயோடோபாரம் மருந்தின் நெடி வீசும் மஞ்சள் நிறப் புழு ஒன்று வெளிப்படும். கையில் எடுத்தால் அறுந்துபோகும் அளவுக்கு மெல்லிய உடலுடைய, பலனோகிளாசஸ் எனப்படும் இப்புழு, மீனைப் போலத் தொண்டையில் செவுள் துளைகளைக் கொண்டிருப்பதால், முதுகெலும்பு உள்ளவற்றுக்கும் இல்லாதவற்றுக்கும் இடையிலுள்ள உறவை ஆராய்வோர்க்கு அது ஒரு பெருஞ்செல்வம். ஆயினும் அந்த மாணவர்களும் கண்டதோடு நிற்கவில்லை. பார்மலின் ஜாடியில் அடைத்து எடுத்துச் சென்றார்கள் என்பதை மறுக்க இயலாது.

இதற்கிடையே, சுண்ணாம்புக்காகவும் கட்டடத்துக்காகவும் பவளப்பாறைகள் வெட்டப்பட்டன. கடற்புல் மேய்ந்து, மேய்ந்த தடத்தை அப்புல்வெளியில் நீண்ட கோடாக விட்டுச் செல்வதும், சுவாசிக்கச் சில நிமிஷங்களுக்கொரு முறை மேலெழுவதும், குட்டிக்குப் பாலூட்டுவதுமான ஆவுளியா என்னும் கடற்பசு, இறைச்சிக்காக வேட்டையாடப்பட்டு அபூர்வமாயிற்று. அரணாக நின்ற பாறை குலைந்தபின் அலையின் வேகத்தைத் தாங்கமாட்டாமல், பூவரசன்பட்டி, விலாங்குச்சல்லி என, அந்த 21-இல் இரு தீவுகள் கடலுக்குள் அமிழ்ந்தன. 1986-இல் இப்பிரதேசம் கடல்வாழ் உயிரின தேசியப் பூங்காவாகவும், 1989-இல் உயிர்க்கோளக் காப்பகமாகவும் அறிவிக்கப்பட்டது. 2001-இல் பவளங்களுக்குச் சட்டத்தின் முழுப் பாதுகாப்பு கிடைத்தது. 2022-இல் அடுத்துள்ள பாக் விரிகுடாவில் 448 சதுர கிலோமீட்டர் பரப்புக் கடற்பசுவுக்கென ஒதுக்கப்பட்டது.

காண வருவோரை ஒழுங்குபடுத்துவதற்குக் கலாபகஸ் தீவுகள் ஒரு முன்மாதிரி. அங்கே டார்வின் சென்றது 1835-இல். அவை தேசியப் பூங்காவானது 1959-இல். அறுபதுகளின் இறுதியில் கப்பல்களில் யாத்திரிகர் வரத் தொடங்கிய அத்தீவுகளில் இன்றும், பயிற்சி பெற்ற வழிகாட்டியின்றி ஒருவரும் பூங்காவின் பெரும்பாலான இடங்களுக்குள் போக முடியாது. குறித்த பாதையை விட்டு விலகவும் கூடாது. உலகம் முழுவதும் புகழும் அந்த ஒழுங்கு, மக்களைத் தடுப்பதற்காகவன்றி, தடம் பதியாமல் காண்பதற்குப் பழக்குவதற்காகவே ஏற்பட்டது.

இப்போது பாம்பனுக்கருகிலிருந்து குருசடைக்கு வனத்துறையின் ஏற்பாட்டில் படகுகள் செல்கின்றன. முத்துக்காரன் முத்தை எடுத்தான், மாணவன் மாதிரியை எடுத்தான், பாறை வெட்டியவன் தீவையே எடுத்தான். எதையும் எடுக்காமல் திரும்புவதே, இன்று வருகிற விருந்தினன் செய்யக்கூடிய முதல் உபகாரம். பாரும் நீரோட்டமும் இன்ன இடத்தில் என்று பரம்பரையாக அறிந்த மீனவக் குடும்பத்தாரே அவ்விருந்தினருக்கு ஆசிரியராக அமர்ந்து, அதனால் அவர்களுடைய ஜீவனமும் நடக்குமானால், பாதுகாப்புக்கு அதைவிட உறுதியான காவல் வேறில்லை. மேற்கே இருக்கும் நாமும் இதில் பொறுப்பற்றவர்களல்லோம்: அனுமன் நதியில் நாம் விடும் அழுக்கு எத்தனை அணைகளில் தேங்கினாலும் எஞ்சியது அக்கடலுக்கே போய்ச் சேருமாதலால், பவளத்தைக் காக்கும் பணி பண்பொழிப் படித்துறையிலேயே தொடங்கியாக வேண்டும்.