புதுச்சேரி வந்த பெண்ணும் திபெத்துப் பனியும்

1/ குளிர்கால லீவுக்கு மணாலி, காஷ்மீர்னு டிக்கெட் போட்டிருக்கிற புதுச்சேரி மக்களே, கிளம்புறதுக்கு முன்னாடி இந்தக் கதையைப் படிச்சிடுங்க. நம்ம ஊருக்கு வந்துபோன ஒருத்தரோட கதைதான்.

2/ அலெக்ஸாந்திரா தாவித்-நீல். 1868-ல் பிறந்த பிரெஞ்சுப் பெண். 1911 நவம்பரில் புதுச்சேரி வந்து அரவிந்தரைச் சந்தித்தார். அடுத்து சிக்கிம். அங்கிருந்து அனுமதியில்லாமல் திபெத்துக்குள் போய்வந்ததால், 1916-ல் ஆங்கிலேய அரசு அவரை வெளியேற்றியது.

3/ அவர் விடவில்லை. 1923 கடைசியில் சீனாவின் யுன்னானிலிருந்து லாசாவுக்கு நடந்தே கிளம்பினார். வயது 55! கூட வந்தது, பின்னாளில் அவர் தத்தெடுத்த யோங்டென். பிச்சையெடுத்து யாத்திரை போகும் தாய், மகன் வேடம்.

4/ ஒரு கணவாயைக் கடந்து இறங்கியபோது நடுராத்திரி. தீமூட்டப் பார்த்தால் சிக்கிமுக்கிக் கல் ஈரம். பொறி வரவில்லை. திபெத்தியத் துறவிகளிடம் கற்ற 'தும்மோ' தியானத்தில் அவர் உட்கார்ந்தார். கல்லை உடைக்குள் வைத்து உடல்சூட்டிலேயே காயவைத்தார். யோங்டென் என்ன செய்தார்? ஓடியாடி விறகும் சாணமும் பொறுக்கினார். கடைசியில் தீ பற்றியது.

5/ தும்மோ கட்டுக்கதையா? ஹார்வர்ட் மருத்துவர் ஹெர்பர்ட் பென்சன் குழு திபெத்தியத் துறவிகளை அளந்து பார்த்து 1982-ல் 'நேச்சர்' இதழில் எழுதியது. கை, கால் விரல்களின் வெப்பம் 8.3 டிகிரி செல்சியஸ் வரை ஏறியிருந்தது. ஆனா அது வருஷக்கணக்கான பயிற்சி. யூடியூப் பார்த்து முயற்சி பண்ணாதீங்க.

6/ ஒரு மருத்துவரா நான் சொல்வது: நமக்கானது யோங்டென் வழி. அசையும் தசைதான் சூட்டை உண்டாக்கும். நனைந்த துணியோ அந்தச் சூட்டை வேகமாக உறிஞ்சிவிடும்.

7/ அதே யோங்டெனுக்கு இன்னொரு நாள் கால் சுளுக்கியது. பனியில் முடங்கினார்கள். சாப்பாடு தீர்ந்து, செருப்புத் தோலை வேகவைத்துக் குடித்தார்கள். ஊர்ல சுளுக்குன்னா தைலம் தேய்ச்சுட்டுப் படுத்துக்கலாம். பனிமலையில் நடை நின்றால் உயிருக்கே ஆபத்து.

8/ 1924 பிப்ரவரியில் இருவரும் லாசாவை அடைந்தார்கள். அவர் 100 வயது வரை வாழ்ந்தார்.

9/ நீங்க செய்ய வேண்டியது:
• நனைந்த சாக்ஸ், கையுறையை உடனே மாத்துங்க.
• சரக்கு அடிச்சா குளிர் தெரியாதுன்னு நம்பாதீங்க. தோலுக்கு ரத்தம் ஏறிச் சூடு மாதிரி தெரியும், உள்சூடு வெளியேறிடும்.
• உடல்வெப்பம் 35 டிகிரி செல்சியஸுக்குக் கீழே போனால் 'ஹைப்போதெர்மியா'. நடுங்கிட்டிருந்தவர் குளிரிலேயே நடுக்கம் நின்று, பேச்சு குழறினால், "சரியாயிடுச்சு"ன்னு நினைக்காதீங்க. நிலைமை முத்திடுச்சு. ஈரத்துணியைக் கழற்றி, கம்பளி சுத்தி, உடனே ஆஸ்பத்திரி.
• பனிச்சரிவு எச்சரிக்கைன்னு ரோட்டை மூடினா, டிரைவரை வற்புறுத்தாதீங்க. ரூம்லயே இருங்க.

மணாலி கிளம்புற ஃப்ரெண்டுக்கு அனுப்பிவிடுங்க.