உள்ளே யாரு, வெளியே யாரு?

புரதச் சங்கிலி மடிஞ்சு உருண்டை ஆகும்போது எந்த அமினோ அமிலம் உள்ளே போகும், எது வெளியே நிக்கும்? பாடப்புத்தகத்துல ரெண்டு வரியில முடிச்சுடறாங்க. அந்த ரெண்டு வரிக்குப் பின்னாடி கால் நூற்றாண்டுச் சண்டை இருக்குங்க.

1936-ல் மிர்ஸ்கியும் லைனஸ் பாலிங்கும் புரதத்தை மடிச்சு வைக்கிறது ஹைட்ரஜன் பிணைப்புன்னு எழுதினாங்க. பாலிங் சொன்னா அப்பீல் ஏது? எண்ணெய்த்தன்மை உள்ள பகுதிகள் தண்ணிக்குப் பயந்து உள்ளே ஒதுங்குதுன்னு அந்தப் பத்தாண்டிலேயே லாங்மியூரும் பெர்னாலும் சொன்னாங்க. எடுபடலை. லாங்மியூர் அப்போ டோரதி ரின்ச்சோட சைக்ளால் கொள்கைக்கு வக்காலத்து வாங்கிட்டு இருந்தார். அது தப்புன்னு ஆனதும் இந்த நல்ல யோசனையும் சேர்ந்து அடிபட்டுதுன்னு நினைக்கிறேன்.

1959-ல் பிரின்ஸ்டனின் வால்டர் காஸ்மன் அதைத் தூசு தட்டி எடுத்தார். மடியாத சங்கிலி தண்ணியோடவே ஹைட்ரஜன் பிணைப்பு போட்டுக்கும்; அப்புறம் மடியறதுல பெரிய லாபம் என்ன? ஆனா லியூசின், வேலின், பினைல்அலனின் மாதிரி ஆசாமிகளுக்குத் தண்ணியோட ஒட்டாது. ரசத்து மேல நெய்த்துளிகள் ஒண்ணா சேருதே, அதே கதை. நெய்க்கு நெய் மேல பாசம்னு இல்லை, சுத்தி இருக்கிற தண்ணி மூலக்கூறுகளுக்கு இடைஞ்சல் குறையுது, அவ்ளோதான்.

அவர் இதை எழுதினப்போ எந்தப் புரதத்தையும் யாரும் அணு அளவில் பார்த்ததில்லை! அடுத்த வருஷமே கென்ட்ரூ குழு திமிங்கலத் தசையின் மயோகுளோபினைப் படம் பிடிச்சாங்க. 153 அமினோ அமிலம். உள்ளே பெரும்பாலும் எண்ணெய்க் கூட்டம், மின்னூட்டம் உள்ள லைசின், குளுட்டாமிக் அமிலம் எல்லாம் வெளியே. ஹீம் பக்கத்துல மட்டும் ரெண்டு ஹிஸ்டிடின், ஆக்சிஜன் வேலைக்காக.

இடம் மாறினா? ஹீமோகுளோபினின் பீட்டா சங்கிலியில் 146 அமினோ அமிலம். ஆறாவது இடத்துல குளுட்டாமிக் அமிலத்துக்குப் பதிலா வேலின். எண்ணெய் ஆசாமி வெளித்திண்ணையில! ஆக்சிஜனை இறக்கினதும் அது பக்கத்து மூலக்கூறின் குழியில் போய் ஒட்டிக்கும். அப்படியே இழை இழையா நீண்டு, சிவப்பணு அரிவாள் மாதிரி வளைஞ்சுடும். அப்பா, அம்மா ரெண்டு பேர்கிட்டேர்ந்தும் இந்த மாற்றம் வந்த குழந்தைக்கு ரத்தக்குழாய் அடைச்சு எலும்பு வலியில உசிர் போகும்.

இது எங்கேயோ ஆப்பிரிக்காவுல மட்டும்னு நினைக்காதீங்க. லேமனும் கட்புஷும் நம்ம நீலகிரி மலைவாழ் மக்களிடம் இதைக் கண்டு 1952-லேயே எழுதிட்டாங்க. மாறினது எந்த அமினோ அமிலம்னு இன்கிராம் கண்டுபிடிக்க இன்னும் அஞ்சு வருஷம் ஆச்சு.